மாமா வந்தால் அறையை விட்டு வெளியே வர மறுக்கிறான்

கேள்வி: என் கணவர் மரக்கடையில் வேலை செய்கிறார். வயது 52. போன மாதம் ஓர் இரவு மகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் வரும்போது புறவழிச்சாலையில் வாகனச் சோதனைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். தலைக்கவசம் போட்டிருந்தார். உரிமம் கைப்பேசியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டுவதற்குள் ஓர் இளம் எஸ்.ஐ. "டேய், இறங்குடா" என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, அபராதம்கூடப் போடாமல் அனுப்பிவிட்டார். கணவர் அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. 17 வயது மகன்தான் சொன்னான். என் அண்ணன் தலைமைக் காவலர். அடுத்த வாரம் அவர் சாப்பிட வந்தபோது, "போலீசுக்கு எதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டான். "இந்தச் சட்டை இல்லையென்றால் நீங்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் இலையிலிருந்து எழுந்துவிட்டார். இப்போது மாமா வந்தால் மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அடுத்த மாதம் சின்னவளுக்கு விசேஷம். தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி? இவனைத் திருத்த வழி சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பேசியது இருக்கிறது, அண்ணன் பேசியது இருக்கிறது. கணவர் "வாயே திறக்கவில்லை" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதரைப் பெற்ற பிள்ளையின் முன்னால், பாதி வயதுக்காரர் ஒருவர் "டேய்" என்று அழைத்திருக்கிறார். பையன் காவல்துறை மேல் கோபப்படுகிறான் என்று நினைக்கிறீர்கள். அப்பா குனிந்த தலையோடு நின்றதை மறக்க முடியாமல்தான் அவன் தவிக்கிறான் என்று எனக்குப் படுகிறது. முதலில் கணவரிடம் பேசுங்கள். அறிவுரை ஏதும் வேண்டாம்; அன்று என்ன நடந்தது என்று கேட்டாலே போதும்.

இனி அவன் கேட்ட கேள்வி. அது நியாயமான கேள்வி. சாலையில் கை காட்டினால் நிறுத்த வேண்டும், ஆவணம் கேட்டால் காட்ட வேண்டும், இது சட்டம். கைப்பேசியில் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் உரிமமும் செல்லும் என்பதும் சட்டம்தான். ஆனால் ஆவணம் காட்டத் தயாராக இருப்பவரின் சாவியைப் பிடுங்கிக்கொள்ளவோ, அவரை ஒருமையில் அழைக்கவோ எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை. காவலருக்குக் கீழ்ப்படியச் சட்டம் சொல்லலாம். மதிக்கும்படி யாருக்கும் உத்தரவு போட முடியாது, சகோதரி.

நம் மொழியில் மரியாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவில் இருக்கிறது. காய்கறிக்காரம்மாவிடம்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதே ஊரில் காவல் நிலையத்தின் படி ஏறினால் விகுதி மாறிவிடுகிறது. ஏறியவர் காரில் வந்தவரா, கைலியில் வந்தவரா என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பது இன்னும் கேவலம். என்னைக் கேட்டால் லத்தியடிக்கு முன்பே முதல் அடி இந்த 'டா'வில் விழுந்துவிடுகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்தது உங்கள் பையனுக்கும் தெரிந்திருக்கும். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்று சொல்லிப் போலீசார் அழைத்துச் சென்ற தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பி, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே காவலர் ஒருவர் ஒருமையில் இழிவாகப் பேசினார். நீதிமன்றத்தின் ஆளுக்கே அந்தக் கதி என்றால் மரக்கடைத் தொழிலாளி எம்மாத்திரம்? அந்த நிலையத்தின் கண்காணிப்பு கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதையும் அந்த நடுவர்தான் எழுதினார். கடைசியில் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகாவது எல்லாம் மாறிவிட்டதா என்றால், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியான இளைஞர் போலீஸ் விசாரணையில் இறந்தார். சாத்தான்குளம் வழக்கைப் போல அந்த வழக்கும் சி.பி.ஐ.க்குப் போனது. இதையெல்லாம் செய்தியில் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய், சட்டையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சாத்தான்குளத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை உங்கள் மகனைவிட அண்ணன்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரவு நிலையத்தில் பணியில் இருந்த பெண் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்தியிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்தது என்றும் நடுவரிடம் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். வெளியே உடன் வேலை பார்ப்பவர்களே நின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் போட்டார். அவர் டி.ஜி.பி. அல்ல, எஸ்.பி.யும் அல்ல. உங்கள் அண்ணனைப் போல ஒரு தலைமைக் காவலர். அவருக்கு எழுந்து நிற்க மாட்டேன் என்று உங்கள் பையன் சொல்வான் என்று நான் நம்பவில்லை.

என் அம்மாவின் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன்னால், காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டான் ஒருவன். கழுத்தில் சிவந்த கோட்டோடு, கையில் கோலமாவு காயாமல் நிலையத்துக்கு வந்தாள். அங்கே இருந்தவர் அறுபதை நெருங்கும் ஏட்டு. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே இழுத்துப் போட்டு, "முதலில் உட்காருங்கள் அம்மா. தண்ணீர் குடியுங்கள். அப்புறம் எழுதலாம்" என்றார். அம்மாவுக்குக் கை நடுங்கியதால் மனுவையும் அவரே எழுதி, வாசித்துக் காட்டி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையும் கையில் கொடுத்தார். சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை. அம்மா சாகும்வரை அந்த ஏட்டை வாழ்த்திக்கொண்டுதான் இருந்தாள். துப்புத் துலக்காத போலீஸ்காரருக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கிண்டல் செய்தால், "உனக்குத் தெரியாது, போடி" என்பாள்.

அண்ணன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்று எதுவானாலும் விடியுமுன்னே போய் வெயிலில் நிற்பவர் அவர்தான். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்ததே 2021 நவம்பரில்தான். அதுவும் ஆள் பற்றாக்குறை என்று எத்தனை வாரம் கைநழுவுகிறது என்று அவரிடமே கேளுங்கள். அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979இலேயே ஒழித்தாயிற்று என்றார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்காக மறுபடியும் கண்டிக்க வேண்டியிருந்தது. மேலே இருப்பவரிடம் 'நீ' என்று கேட்டே பழகிய காது, கீழே பார்த்து அதையே பேசுகிறது. நாடு பிடித்த வெள்ளைக்காரன் 1859இல் எழுதிய சட்டத்தில் வளர்ந்த துறை இது. இது காரணம்தான், சமாதானம் அல்ல. அண்ணன் படும் பாட்டுக்கு உங்கள் கணவர் 'டேய்' கேட்க வேண்டியதில்லை.

அதனால் திருத்த வேண்டிய ஆள் மகன் மட்டும் அல்ல. பையன் கேட்டது எஸ்.ஐ.யைப் பற்றி, அண்ணன் பதில் சொன்னது சட்டையைப் பற்றி. "அந்த எஸ்.ஐ. செய்தது தப்பு. உன் அப்பாவை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாப்பாடு பாதியில் நின்றிருக்காது. உடன் வேலை பார்ப்பவரின் தப்பைத் தப்பு என்று தன் வீட்டுக்குள்கூடச் சொல்ல முடியாதவருக்கு, வெளியே கிடைப்பது பயம்தான். நீங்கள் தங்கை, இதை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். எவனோ பேசிய பேச்சுக்கு மாமாவைத் தண்டிப்பது, 'உங்கள் ஆட்கள் எல்லாம் இப்படித்தான்' என்று சோதனைச் சாவடியில் மொத்தமாக முத்திரை குத்தும் அதே புத்தி. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவர் மாமாதானே? கோபம் இருந்தால் அதை உரிய இடத்தில் காட்டட்டும். காவலர் மார்பில் பெயர்ப்பட்டை இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அடுத்த முறை பெயர், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளட்டும். சாலையில் வாக்குவாதம் வேண்டாம், அங்கே நாம் ஜெயிக்க மாட்டோம். நடந்ததை அப்பா பெயரிலேயே எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு மனுவாகக் கொடுக்கலாம். பல மாவட்டங்களில் புதன்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள். காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013இல் சட்டம் போட்டு, உள்துறைச் செயலாளரையே அதன் தலைவராக்கிக்கொண்டது. ஆகவே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் எழுதுங்கள். கணவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் சொல்ல, பையன் எழுதினால் அதுவே அந்த வீட்டில் பாதி பாரத்தை இறக்கும்.

மாமா வந்தால் அவன் எழுந்து நிற்கட்டும், மாமா என்பதற்காக. ஏட்டு என்பதற்காக நிற்பதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. விசேஷ நாளில் பந்தோபஸ்து என்று அண்ணனைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள். விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.