ஸ்டான்லி சகோதரர்களை எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அண்ணன் தம்பி சேர்ந்து பாடிய பழைய ப்ளூகிராஸ் (பேஞ்சோ, மாண்டலின் போன்ற தந்தி வாத்தியங்களோடு பாடுகிற அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை) பதிவுகளில் எதை முதலில் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்காமல் சொல்வது ஸ்டான்லி பிரதர்ஸ். அதிலும் 1949 முதல் 1952 வரை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய 20-க்கும் மேற்பட்ட பாட்டுகள்.

அண்ணன் கார்ட்டர், தம்பி ரால்ஃப். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் மலைநாட்டில் பிறந்தவர்கள். பன்றி வேண்டுமா பேஞ்சோ வேண்டுமா, இரண்டும் 5 டாலர், ஒன்றுதான் வாங்க முடியும் என்று அம்மா கேட்டபோது ரால்ஃப் பேஞ்சோ கேட்டாராம். வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அம்மாதான். அவர்கள் போன தேவாலயத்தில் வாத்தியமே கிடையாது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வெறுங்குரலில் இழுத்துப் பாடுவார்கள். ரால்ஃபின் குரலை விட்டு அந்த இழுப்பு கடைசி வரை போகவே இல்லை.

முதலில் ‘ஒயிட் டவ்’ கேளுங்கள். 1949-இல் பதிவானது, எழுதியவர் கார்ட்டர். அப்பா அம்மா இறந்துபோன வீட்டை நினைத்துப் பாடுகிற பாட்டு. சரணத்தில் கார்ட்டர் தனியாகப் பாடுவார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. பல்லவி வந்ததும் மூன்று குரல். கார்ட்டர் மெட்டைப் பிடித்துக்கொள்ள, ரால்ஃப் அதற்கு மேலே. வழக்கமாக மூன்றாவது குரல் மெட்டுக்குக் கீழேதான் நிற்கும். இங்கே மாண்டலின் வாசித்த பீ வீ லாம்பர்ட் அந்தக் கீழ்க்குரலையே தூக்கி ரால்ஃபுக்கும் மேலே வைத்துவிட்டார். மலை உச்சியில் காற்று ஊளையிடுவது போல ஒரு சத்தம் வரும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு குரலை மட்டும் பிடித்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சகோதரர்கள் பாடினால் குரல் ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் இழைகிறது என்பார்கள். வீட்டில் போனை எடுத்தால் நானா தம்பியா என்று எங்கள் அம்மாவே குழம்புவார், அதனால் நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் இந்த இருவர் குரலும் ஒன்றல்ல. கார்ட்டருடையது கதகதப்பு, ரால்ஃபுடையது கத்தி மாதிரிக் கூர்மை. ஒன்றாக இருப்பது சொல்லை முடிக்கிற இடமும் மூச்சு எடுக்கிற இடமும்தான். ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தானாக வந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

இவர்களைக் கொலம்பியா எடுத்துக்கொண்டது பிடிக்காமல்தான் ப்ளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோ அந்த நிறுவனத்தை விட்டே போனார், தன் பாணியைக் காப்பியடிக்கிறார்கள் என்று கோபம். அதே மன்றோவின் குழுவில் கார்ட்டர் 1951-இல் கொஞ்ச நாள் பாடவும் செய்தார்!

அப்புறம் ‘லோன்சம் ரிவர்’, 1955-இல் மெர்குரி என்ற இன்னொரு நிறுவனத்துக்குப் பதிவு செய்த ‘ஏஞ்சல் பேண்ட்’. கடைசியாக 1960-இன் ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்’. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இது இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வருகிற ஒருவனுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கதையைக் கார்ட்டர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருவார். பல்லவியில் ரால்ஃபின் குரல் மேலேயிருந்து இறங்கும்.

கார்ட்டர் 1966 டிசம்பரில், 41 வயதில் இறந்துபோனார். ரால்ஃப் அதன்பின் ஏறக்குறைய 50 ஆண்டுகள் வேறு வேறு பாடகர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடினார். அந்தப் பதிவுகளிலும் நல்லவை உண்டு. ஆனால் அண்ணனோடு பாடியவற்றை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு அங்கே போங்கள்.