இலங்கையின் 2024 அதிபர் தேர்தலிலிருந்து அரசியல்வாதிகளும் வாக்காளர்களும் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

மலேசியாவில் அதிபர் தேர்தலே கிடையாது. நாடாளுமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவர் பிரதமர். அப்படியிருக்க, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இரும்புக்கடை வைத்திருக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு ரப்பர் மரம் சீவ வந்தார். அவர் தம்பி தேயிலை பறிக்க இலங்கைக்குப் போனார். அந்தக் கிளை இன்றும் ஹட்டன் பக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் வந்த பிறகு விட்டுப்போன சொந்தம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதனால் அந்தத் தேர்தலைக் கொஞ்சம் உள்ளிருந்தும் கொஞ்சம் வெளியிலிருந்தும் பார்த்தேன்.

எல்லாரும் பேசுகிற கணக்கை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 இல் அனுர குமார திசாநாயக்க வாங்கியது 3.16 விழுக்காடு. 2024 செப்டம்பர் 21 அன்று அதே மனிதர் முதல் எண்ணிக்கையில் 42.31 விழுக்காடு வாங்கினார். 2019 இல் கோத்தபய ராஜபக்ச 52.25 விழுக்காட்டோடு ஜெயித்தார். 2024 இல் அவருடைய அண்ணன் மகன் நாமல் 2.57 விழுக்காட்டோடு நின்றுவிட்டார். சித்தப்பா அள்ளிய இடத்தில் மகனால் பொறுக்கக்கூட முடியவில்லை. நடுவில் நடந்தது ஊரறிந்த கதை: 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள், பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் ஜனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள், ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டே போனார்.

இதில் வாக்காளர்களிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. 2019 டிசம்பரில் கோத்தபய அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆக வெட்டியது. வரியைக் குறைப்போம் என்று மேடை போட்டுச் சொல்லித்தான் வந்தார்கள். ரசாயன உரமும் அப்படித்தான். பத்து ஆண்டில் இயற்கை உரத்துக்கு மாறுவோம் என்று தேர்தல் அறிக்கையில் இருந்தது. 2021 இல் ஒரே அடியாக இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. சொன்னதைச் செய்யவில்லை என்று தலைவர்களைத் திட்டியே நமக்குப் பழக்கம். அங்கே சொன்னதைச் செய்துதான் கஜானா காலியானது. வாங்கும்போது கைதட்டியவர்கள், அந்தப் பணத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரும் இதற்கு விலக்கில்லை. 2018 இல் எதிர்க்கட்சிக் கூட்டணிக்காரர்கள் ஜிஎஸ்டியை ஒழிப்போம் என்றார்கள், ஜெயித்ததும் ஜூன் 1 இல் அதைப் பூஜ்யமாக்கியும் விட்டார்கள். அந்த 6 விழுக்காட்டுக்கு மாற்று என்ன என்று சுங்கை சிப்புட் கூட்டங்களில் ஒருவர் எழுந்து கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. டோலை ஒழிப்போம் என்றும்தான் சொன்னார்கள். ஈப்போ தாண்டிப் போகிறவர்களுக்கு அது என்ன ஆனது என்று தெரியும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அது இரண்டாவது விருப்ப வாக்கு.

இலங்கை அதிபர் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வரலாம், அல்லது 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் வெளியே. அந்த மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்து, எஞ்சியிருக்கும் இருவரில் யாருக்காவது 2 அல்லது 3 போட்டிருக்கிறதா என்று பார்த்து அவர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். 1982 இலிருந்து நடந்த எட்டுத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால் இதற்குத் தேவையே வரவில்லை. 2024 இல்தான் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது.

அந்த எண்களைத்தான் பார்க்க வேண்டும். முதல் எண்ணிக்கையில் அனுரவுக்கு 56,34,915, சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. அப்போது அதிபராக இருந்த ரணில் விக்கிரமசிங்க, நாமல், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் என்று மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஏறக்குறைய 33 லட்சம். இந்த 33 லட்சம் சீட்டையும் மறுபடி பிரித்துப் பார்த்ததில் அனுரவுக்குக் கூடுதலாக வந்தது 1,05,264. சஜித்துக்கு வந்தது 1,67,867. மொத்தமே இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கீழே. மீதி 30 லட்சம் சீட்டுகள் கடைசிச் சுற்றில் யாருக்கும் சேரவில்லை. அனுர 55.89 விழுக்காட்டில் வென்றார் என்று செய்தியில் வந்ததே, அது எஞ்சிய இருவருடைய வாக்குகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. செல்லுபடியான எல்லா வாக்குகளையும் வைத்துப் பார்த்தால் 43 விழுக்காடுதான் வரும்.

முடிவு மாறியிருக்குமா என்று கடையில் வியாபாரம் இல்லாத மதியத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது விருப்பம் போட்டவர்கள் பிரிந்த அதே விகிதத்தில் 33 லட்சம் பேரும் பிரிந்திருந்தால், அனுரதான் ஜெயித்திருப்பார். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் இருந்த இடைவெளி 5 லட்சமாகச் சுருங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் சஜித் பக்கம் சாய்ந்திருந்தால் கதையே வேறு. யார் வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. 30 லட்சம் சீட்டுகளில் கடைசி இருவரில் யாருக்கும் 2 அல்லது 3 இல்லாமல் போனது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ஹட்டன் தம்பியிடம் கேட்டேன். அவன் போட்டது ரணிலுக்கு. “ரெண்டாவது ஆளுக்கும் போட்டா மொத ஓட்டு செல்லாமப் போயிடும்னு லயத்துல பேசிக்கிட்டாங்கண்ணே. எதுக்கு வம்புன்னு ஒன்னோட விட்டுட்டேன்” என்றான். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். யார் சொன்னது என்று கேட்டால் தெரியவில்லை. எல்லாரும் சொன்னார்களாம். உண்மையில், உங்களுடைய 1 களத்தில் இருக்கும்வரை 2 ஐ யாரும் பார்க்கப்போவதில்லை. 1 வெளியேறினால்தான் 2 க்கு வேலை. முதல் வாக்குக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேட்பாளர்களுக்கு மனசு வராதுதான். “இரண்டாவதாக இன்னாருக்குப் போடுங்கள்” என்று சொன்னால் தோற்கப் போகிறோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்ற பயம். ஜெயிக்கிற நிலையில் இருப்பவராவது “உங்கள் இரண்டாவதை எனக்குக் கொடுங்கள், பதிலுக்கு உங்களுக்கு இதைச் செய்கிறேன்” என்று சின்ன வேட்பாளர்களின் ஆதரவாளர்களிடம் பேரம் பேசியிருக்கலாம். அரியநேத்திரனுக்கு விழுந்த 2,26,343 வாக்குகள் அப்படிப் பேரம் பேசத் தகுந்த வாக்குகள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏங்கிய வசதி அது. எங்கள் தொகுதி மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் தொகுதி. அவருக்குப் பிறகு 1974 இலிருந்து அதே கட்சியின் டத்தோஸ்ரீ சாமிவேலு; அந்தக் கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. 2008 இல் அவரைத் தோற்கடித்தவர் டாக்டர் ஜெயகுமார். சோசலிசக் கட்சிக்காரர், ஆனால் கெஅடிலான் என்ற எதிர்க்கட்சியின் சின்னத்தில் நின்றார். 2013 இலும் அதே சின்னத்தில் ஜெயித்தார். தோட்டத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சம்பளப் பாக்கி என்றாலும் அவருடைய சேவை மையத்துக்குத்தான் ஜனங்கள் போவார்கள். 2018 இல் அவர் சொந்தச் சின்னத்தில் நின்றார். எதிர்க்கட்சிக் கூட்டணியும் தனியாக ஆள் நிறுத்தியது.

தேர்தலுக்கு முந்தின வாரம், பால்மரக் காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வரும் ஓர் அக்கா தகரத்துக்கு ஆணி வாங்க வந்தார். யாருக்கு என்று கேட்டேன். “மனசு டாக்டருக்குத்தான்யா. ஆனா அவருக்குப் போட்டு, அந்தப் பழைய ஆளுங்களே திரும்ப வந்துட்டா?” என்றார். ஆணியை எடைபோட்டு முடிக்கும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தேர்தலில் பத்து ஆண்டு உழைத்த டாக்டர் வைப்புத்தொகையை இழந்தார். கூட்டணி வேட்பாளர் கேசவன் ஜெயித்தார், மத்தியில் 61 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. அந்த அக்கா போட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் சீட்டில் ஒரே ஒரு சிலுவைக்குத்தான் இடம். 1 டாக்டருக்கு, 2 கூட்டணிக்கு என்று போட வழி இருந்திருந்தால் அவருக்கு அன்றைக்கு அந்தத் தவிப்பே இருந்திருக்காது.

மலையகத்தைப் பற்றியும், அதாவது ஹட்டன் போன்ற இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியைப் பற்றியும், கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, வாக்குரிமையை இழந்து, பல பத்தாண்டுகள் கழித்து அதைத் திரும்பப் பெற்ற ஜனங்கள் அவர்கள். அந்த வாக்கை இன்றுவரை தொழிற்சங்கத் தலைவர்கள் மொத்தமாகப் பேசி முடிக்கிறார்கள். 2024 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் பக்கம், மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம். நாள் சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,700 ஆகும் என்று ரணில் மே தினத்தில் அறிவித்தார். தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின, அறிவிப்பு நின்றது. தேர்தல் நெருங்கும்போது பேச்சுவார்த்தையில் வந்து நின்றது 1,350. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடம், ரணில் இரண்டாமிடம். எங்கள் பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் அரிசிப் பையும் ஹேம்பர் என்கிற பரிசுக் கூடையும் வரும், கோயிலுக்கு மானியக் காசோலை வரும். தோட்டக்காட்டு ஓட்டு ஒரே பக்கம்தான் போகும் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் செலவு செய்ய மாட்டார்கள். 2008 இல் மலேசிய இந்தியர்களின் வாக்கு இடம் மாறிய பிறகுதான் இரு தரப்பும் தமிழ்ப்பள்ளி, தோட்ட வீடமைப்பு என்று வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார்கள்.

மலையகத்திலும் வாக்கு அப்படி இடம் மாறியது 2024 நவம்பரில். அதிபர் தேர்தல் முடிந்து எட்டு வாரத்தில், நவம்பர் 14 இல், நாடாளுமன்றத் தேர்தல். அனுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 225 இல் 159 இடம், நுவரெலியாவிலும் அவர்கள்தான் முதலிடம். யாழ்ப்பாணத்திலும் 6 இல் 3 அவர்களுக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் அவர்கள் வாங்கியது கால்வாசி வாக்குதான். தமிழ்க் கட்சிகள் ஆளுக்கொரு சின்னத்தில் நின்று மீதியைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டன. இதை அனுர அலை என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், அந்தத் தலைவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் வேறு இல்லை.



அதிபர் பதவியையே ஒழிப்போம் என்று தேசிய மக்கள் சக்தி சொல்லியிருக்கிறது. ஒழிக்காவிட்டால் 2029 இல் அடுத்த அதிபர் தேர்தல். இலங்கை நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், 2 போட்டால் 1 செல்லாது என்று லயத்தில் சொல்கிறவர்களுக்கு விதியை இப்போதே எடுத்துச் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: 2, 3 போடுவதென்றால் முதல் ஆளுக்குச் சிலுவை போடாமல் 1 என்றே எழுதச் சொல்லுங்கள். என் தம்பிக்கு நான் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் முழுசாக நம்பவில்லை.