பாசாரில் கோழி அறுத்து வாங்கினால் பறவைக் காய்ச்சல் தொற்றுமா?

கோலாலம்பூர் பாசாரில் உயிர்க்கோழியை அறுத்து வாங்குகிறோம், பறவைக் காய்ச்சல் வந்தால் அதைச் சாப்பிடுவதால் தொற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டியைவிட அறுக்கும் இடத்தை நினைத்துத்தான் நான் பயப்படுவேன். உள்வரை 70 டிகிரி சூடு ஏறி வெந்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது.

நோய் கண்ட கோழியின் எச்சத்திலும் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் வைரஸ் இருக்கும். கூண்டு, தரை, செருப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டும். குளிர்ந்த ஈரத்தில் நாள்கணக்கில் கிடக்கும். இறகு பிடுங்கும் டிரம்மைக் கவனித்திருக்கிறீர்களா? வெந்நீரில் முக்கியெடுத்த கோழியைப் போட்டதும் சுழன்று, வாய்ப்பக்கம் மெல்லிய சாரல் அடிக்கும். அந்தச் சாரலையோ காய்ந்த எச்சத்தின் தூசியையோ மூச்சில் இழுத்தாலும், கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும் தொற்றலாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் முகம் சரியாக டிரம்மின் உயரத்தில்தான் இருக்கும். தயவுசெய்து அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி 6 பேர் இறந்தார்கள். உயிர்க்கோழிச் சந்தைகள்தான் முக்கியக் காரணம். ஊரிலிருந்த கோழிகளை எல்லாம் கொன்ற பிறகே அது அடங்கியது. மனிதருக்கு இது லேசில் ஒட்டாது. வைரஸ் பற்றிக்கொள்ளும் இடம் நமக்குப் பெரும்பாலும் நுரையீரலின் அடியாழத்தில் இருக்கிறது. அங்கே இறங்கிவிட்டால்தான் ஆபத்து.

2006 பிப்ரவரியில் கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக் வட்டாரத்தில் கம்பத்து (கிராமத்து) வீட்டுக் கோழிகளுக்கு இது வந்தபோது நாங்கள் பக்கத்திலேயே செத்தாபாக்கில் இருந்தோம். அம்மா வளர்த்த கோழி ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டு நின்றது. "சாகறதுக்குள்ள அறுத்துடுங்கக்கா, வீணாப் போயிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மா கத்தியை எடுத்தேவிட்டார். அப்பாதான் பிடிவாதமாகத் தடுத்தார். அப்புறம் அதிகாரிகள் வந்து எல்லாக் கோழிகளையும் கொண்டுபோனார்கள். அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அந்த முறை மனிதர் யாருக்கும் தொற்றவில்லை. ஆனாலும் சொல்கிறேன், துவண்ட கோழியை வீணாகாமல் அறுக்கும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நோயுற்ற கோழியைத் தொட்டு, பத்து நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், கிளினிக்கில் முதலில் கோழியைப் பற்றிச் சொல்லுங்கள். வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மருந்தைக் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார்.