தங்க விருது வாங்கிய பள்ளியை நம்பி வீடு எடுக்கலாமா?

கலிபோர்னியாவுக்குக் குடிவருகிறோம், ஒரு தொடக்கப் பள்ளி பி.பி.ஐ.எஸ். (பிள்ளைகளின் நடத்தையைத் தண்டனையில்லாமல் நல்வழிப்படுத்தும் முறை) தங்க விருது வாங்கியிருக்கிறது, அதற்காகவே அந்த வட்டாரத்தில் வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே வாடகை கூடுதலாக இருக்கும், அதனால்தான் யோசிக்கிறீர்கள். நாங்களும் வாசலில் தொங்கிய பதாகையைப் பார்த்துத்தான் போனோம்.

விருதை மட்டம்தட்டவில்லை, ஆசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிள்ளைகளைத் தண்டித்துத் திருத்தாமல், தேவைக்கேற்ப மூன்று அடுக்காக உதவுவது நல்ல முறைதான். முதல் அடுக்கு எல்லோருக்கும். அது போதாத நூற்றில் பதினைந்து பேருக்கு இரண்டாவது, மிகவும் தவிக்கும் ஐந்து பேருக்கு மூன்றாவது என்பது உத்தேசக் கணக்கு. இந்த ஏற்பாடு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று ஒவ்வோர் அம்சத்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண் போடுகிறார்கள். போடுவது பெரும்பாலும் பள்ளியின் குழுவேதான். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எல்லாம் அதற்குப் பிறகு.

என் மகன் இரண்டாம் வகுப்பில், வாசிப்பு நேரத்தில் மட்டும், இருக்கையை விட்டு எழுந்து எழுந்து போனான். இரண்டாம் அடுக்கில் சேர்த்தார்கள். காலையில் ஓர் ஆசிரியையிடம் அட்டை வாங்க வேண்டும், பாடவேளைதோறும் புள்ளி, மாலையில் அவரிடமே காட்டிவிட்டு வர வேண்டும், இரவு நான் கையெழுத்திட வேண்டும். அந்த ஆசிரியை அருமையானவர், இன்றும் மகன் அவரைத் தேடுவான். புள்ளிகள் ஏறின. வாசிப்பு ஏறவில்லை. வாசிக்க முடியாமல்தான் எழுந்து ஓடுகிறான் என்பதற்கு அட்டையில் கட்டமே இல்லை.

டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்குமோ, சோதித்துப் பாருங்கள் என்று கேட்டேன். "மூன்றாம் அடுக்கையும் முயன்று பார்த்துவிடுவோம்" என்றார்கள். ஏழு மாதம் போனது. எழுத்தில் கேட்டால் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தைப் பெற்றோர் கையில் தர வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். அடுக்குகளைச் சாக்கிட்டு மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இதை எனக்குச் சொன்னது பள்ளி அல்ல, பூங்காவில் பழக்கமான ஒரு மெக்சிகோக்காரத் தாய். அன்றிரவே கடிதம் எழுதினேன். சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது.

நான் கல்வியாளர் இல்லை, கணக்கு எழுதுபவள். ஒரு பள்ளியை வைத்து எல்லாப் பள்ளியையும் எடைபோடுகிறாய் என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று உண்மையை எழுதினால், இங்கேயே பிறந்த குழந்தைக்கும் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். "ஆங்கிலம் என்று போட்டுவிடு" என்று நம்மவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த மொழியை ஒரு படிவத்துக்காக மறைக்கச் சொல்கிறார்கள், அதுவும் தமிழ்ச் சங்க விழாவில் முன்வரிசையில் உட்காருபவர்கள்!

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாநிலக் கல்வித் துறையின் பள்ளி டாஷ்போர்டு இணையதளத்தில் பிள்ளைகளை இடைநீக்கம் செய்வதும் அவர்கள் அடிக்கடி பள்ளிக்கு வராமலிருப்பதும் மாணவர் பிரிவுவாரியாக நிறத்தோடு இருக்கும், பாருங்கள். பிறகு நேரில் போய், இரண்டாம் அடுக்கில் இருக்கும் பிள்ளை தேறவில்லை என்றால் எத்தனை வாரத்தில் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் கூடுதல் வாடகையைக் கொடுங்கள். பதாகையைக் காட்டினால் அடுத்த தெருவில் வீடு பாருங்கள்.