விடுதி அறைக்கு மூட்டை கட்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளையை முதல்முறையாகக் கல்லூரி விடுதியில் சேர்க்கப்போகும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மகளுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. சேர்வதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உறவினர்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் எண்பது பொருளுக்கு மேல் வருகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் விடுதி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். மெத்தை அவர்கள் தருகிறார்களா, அதன் நீளம், அகலம், கனம் என்ன, அலமாரிக்குப் பூட்டு உண்டா, குளியலறை அறையோடு சேர்ந்ததா அல்லது பொதுவா, துணி துவைக்க இயந்திரம் இருக்கிறதா, எந்தெந்த மின்சாதனத்துக்குத் தடை என்று ஆறு கேள்வி கேட்டால் போதும். பட்டியலில் பல பொருள்கள் தானாக உதிர்ந்துவிடும்.

மிச்சமிருப்பதை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கு இப்போதே வாங்கி வீட்டிலேயே பழக வேண்டியவை. புதுச் செருப்பு, ஷூ இரண்டையும் இரண்டு வாரமாவது போட்டு நடந்து பார்க்கட்டும். முதல் வாரம் முழுக்க வளாகத்தில் அலைய வேண்டியிருக்கும்போது குதிகால் கொப்புளம் பெரிய தொந்தரவு. புதுத் துண்டு, படுக்கை விரிப்புகளை இரண்டு முறை துவைத்துவிடுங்கள். ஆலையில் ஏற்றிய பூச்சு போகும்வரை துண்டு தண்ணீரை இழுக்காது. கண்ணாடி போடும் பிள்ளை என்றால் மாற்றுக் கண்ணாடி ஒன்றும் இப்போதே செய்யக் கொடுங்கள்.

இரண்டாம் பங்கு சோப்பு, பற்பசை, ஷாம்பு வகையறா. கடைசி வாரத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கினால் போதும்.

மூன்றாம் பங்குதான் முக்கியம். அறையைக் கண்ணால் பார்க்கும்வரை வாங்கவே கூடாதவை இவை: கட்டிலடிப் பெட்டி, மேசை விளக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி, திரைச்சீலை, சுவர்க் கொக்கி, கால்மிதி, அடுக்குத் தட்டு. கட்டிலுக்கு அடியில் 25 செ.மீ. இடைவெளி இருந்தால் 30 செ.மீ. உயரப் பெட்டி திரும்ப வீட்டுக்குத்தான் வரும். மேசைக்கு மேலே தட்டு இருந்தால் உயரமான விளக்கு நிற்காது, கிளிப் போட்டு மாட்டும் விளக்குதான் சரிப்படும். சுவரில் ஆணி அடிக்கவோ பசை ஒட்டவோ பல விடுதிகள் விடுவதில்லை. ஆகவே சேரும் நாளன்று மாலையே ஊர் திரும்ப டிக்கெட் போடாதீர்கள். மறுநாள் முற்பகல் கையில் இருந்தால் அறையை அளந்து, பக்கத்துக் கடையிலேயே இவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம்.

கேள்வி: மூத்தவனுக்கு வாங்கிய விரிப்பு இரவில் சுருண்டு காலடிக்கு வந்துவிடுகிறதாம். இளையவனுக்கு அப்படி ஆகாமல் எப்படி அளவு பார்ப்பது?

பதில்: விரிப்பு சுருள்வது பெரும்பாலும் நீளக் குறைவால்தான். கணக்கு எளியது. மெத்தையின் அகலத்தோடு இரு பக்கக் கனத்தையும், அடியில் செருக இரு பக்கமும் 20 செ.மீ. வீதமும் கூட்டுங்கள். நீளத்துக்கும் இதே கணக்குதான். 90 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம், 10 செ.மீ. கனமுள்ள மெத்தைக்கு 150 x 250 செ.மீ. விரிப்பு வேண்டும். கடைகளில் ஒற்றைக் கட்டில் விரிப்பு என்று பரவலாகக் கிடைப்பது 60 x 90 அங்குலம், அதாவது ஏறக்குறைய 152 x 229 செ.மீ. அகலம் சரி. நீளத்தில் பக்கத்துக்குப் பத்து செ.மீ.கூடச் செருக மிஞ்சாது. இரண்டு முறை புரண்டால் வெளியே வந்துவிடும். போதாததற்குப் பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். சாதாரண ஒற்றைக் கட்டில் மெத்தை 75 அங்குல நீளம் என்றால், சில கல்லூரி விடுதிகளில் 80 அங்குல மெத்தை போட்டிருப்பார்கள். அளவு தெரியாவிட்டால் நீளமானதையே வாங்குங்கள். மிஞ்சினால் செருகிக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்கினால், அதன் ஓர ஆழம் மெத்தையின் கனத்தைவிட 5 செ.மீ. அதிகம் இருக்கட்டும். சரியாக அதே ஆழம் என்றால் மூலை கழன்றுகொண்டே இருக்கும்.

எண்ணிக்கை: விரிப்பு இரண்டு, தலையணை உறை மூன்று, மெத்தைப் பாதுகாப்பு உறை ஒன்று. இந்தக் கடைசிப் பொருளை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. பலர் படுத்த மெத்தைக்கு அதுதான் முதலில் வேண்டும்.

விரிப்பதற்கு முன் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, டார்ச் அடித்துத் தையல் ஓரங்களையும் கட்டில் மூட்டுகளையும் பாருங்கள். மை தெளித்தது போன்ற கரும்புள்ளிகளோ வெளிர் பழுப்புத் தோல்களோ இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று பொருள். பார்த்து முடிக்கும்வரை பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். இருப்பது தெரிந்தால் உடனே விடுதிக் காப்பாளரிடம் சொல்லி வேறு மெத்தையோ வேறு அறையோ கேளுங்கள். துணியில் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதோ, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓட்டுவதோ அவற்றைக் கொல்லும்.

கேள்வி: எத்தனை செட் துணி கொடுத்தனுப்புவது?

பதில்: இரண்டு சலவைகளுக்கு இடைப்பட்ட நாள்களோடு காய ஆகும் நாள்களையும் கூட்டி, கைக்காவலாக இரண்டு சேருங்கள். வாரம் ஒருமுறை துவைத்து, காய இரண்டு நாள் ஆகும் என்றால் உள்ளாடை பதினொன்று. மேலாடை எட்டு, கீழாடை நான்கு, இரவுடை மூன்று போதும். மழை, குளிர் காலத்தில் அறைக்குள் காயப்போடும்போது தடித்த ஜீன்ஸ் மூன்று நாளானாலும் ஈரம் விடாது. கீழாடை நான்கில் குறைந்தது இரண்டு மெல்லிய துணியாக இருக்கட்டும். பஞ்சு போன்ற கனத்த துண்டும் அப்படியே. காயாமல் இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும். மெல்லிய துண்டு மூன்று கொடுங்கள்.

சலவைக்கு வெளியே போடுவதாக இருந்தால், அழியாத சலவை மார்க்கரால் எல்லாத் துணியின் உட்பக்க லேபிளிலும் பெயரும் அறை எண்ணும் எழுதுங்கள். சாதாரணப் பேனா மூன்றாம் சலவையில் மறைந்துவிடும். அடர்நிறப் புதுத்துணியின் உள்மடிப்பை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் அதைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும் என்று பிள்ளையிடம் காட்டிச் சொல்லுங்கள். இந்த ஐந்து வாரத்தில் தன் துணியைத் தானே நாலு முறை துவைத்துப் பழகிய பிள்ளைக்கு அங்கே போய் இதெல்லாம் புதிதாக இருக்காது.

கேள்வி: மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பெட்டி கொடுக்கலாமா? எல்லோரும் கொண்டுபோகிறார்கள் என்கிறான் மகன்.

பதில்: எல்லோரும் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் இதில் ஆபத்தே. வெப்பம் உண்டாக்கும் கருவிகள்தான் அதிக மின்சாரம் இழுப்பவை. ஒரு மின்கெண்டி 1,500 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையின் சாதாரண பிளக் 6 ஆம்பியர், மின்னழுத்தம் 230 வோல்ட் என்றால் அது தாங்குவது 1,380 வாட். கெண்டி ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. ஒரே வரிசையில் நாலு அறைக்காரர்கள் ஒரே நேரத்தில் கெண்டியைப் போட்டால் சர்க்யூட் பிரேக்கர் விழுந்து அந்த வரிசையே இருளும். பிரேக்கர் பழுதாக இருந்தால் சுவருக்குள் வயர் சூடேறும். தடை போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். ஒளித்துக் கொண்டுபோகப் பெற்றோரே துணைபோகாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு அனுமதி இருந்தால், தர முத்திரையும் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் வசதியும் உள்ளதாக ஒன்று வாங்குங்கள். வயர் இரண்டு மூன்று மீட்டர் போதும். நீளமாக இருக்கிறதே என்று சுருட்டிக் கட்டி வைத்தால், சுருளுக்குள் வெப்பம் தங்கி மேலுறை இளகும். கட்டிலுக்கு அடியிலோ போர்வைக்கு அடியிலோ வைக்கக் கூடாது. ஒரு பெட்டியில் இன்னொரு பெட்டியைச் செருகவே கூடாது. மடிக்கணினி சார்ஜர் 65 வாட், போன் 20 வாட், எல்இடி விளக்கு 10 வாட் என்று எல்லாம் சேர்ந்தாலும் நூறு வாட்டுக்கு அருகில்தான் வரும். அவ்வளவுக்கு மட்டும் பயன்படுத்தினால் பயமில்லை. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, அல்லது செருகியது தொங்குகிறது என்றால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் காப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. விமான நிறுவனத்தின் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய உச்ச அளவு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 74 வாட்-மணி வரும், கொண்டுபோகலாம்.

கேள்வி: மருந்துப் பெட்டியில் என்னென்ன வைக்கலாம்?

பதில்: டிஜிட்டல் வெப்பமானி, பாராசிட்டமால் 500 மி.கி. ஒரு பட்டை, வாய்வழி உப்புக்கரைசல் பொட்டலம் நான்கு, ஒட்டுப் பிளாஸ்திரி, கிருமிநாசினி, பஞ்சு, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ், பெண்பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கான நாப்கின். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் எதையும் வைக்காதீர்கள்.

மருந்தோடு ஒரு தாளும் வேண்டும். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு, அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது. ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும் கல்லீரல் தொல்லை உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு, அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும் என்பதையும் அதில் எழுதுங்கள். உப்புக்கரைசலைப் பாதிப் பாதியாகக் கொட்டக் கூடாது. பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுவதையும் கலக்கி, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வாமை, இரத்த வகை, தினசரி மருந்தின் வேதிப்பெயர் மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி: பொருள்களைப் பெட்டியில் எப்படிப் பிரித்து அடுக்குவது?

பதில்: எந்தப் பையும் 15 கிலோவைத் தாண்டக் கூடாது, பிள்ளை தனியாக மாடிப்படி ஏற்றும் எடை அவ்வளவுதான். கெட்டியான பெரிய சூட்கேஸ் ஒன்றுக்குமேல் வேண்டாம், காலியானபின் அதுவே அறையை அடைக்கும். மற்றவை மடிக்கக்கூடிய துணிப்பைகளாக இருக்கட்டும். புத்தகங்களை எல்லாப் பையிலும் அடியில் பிரித்துப் போடுங்கள். ஷாம்பு, எண்ணெய்ப் புட்டிகளின் மூடியைத் திறந்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து மூடினால் ஒழுகாது. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது.

முதல் இரவுப் பை என்று ஒன்றைத் தனியாகக் கட்டுங்கள். விரிப்பு, தலையணை உறை, துண்டு, இரவுடை, சோப்பு, பற்தூரிகை, சார்ஜர், பூட்டு, டார்ச், தண்ணீர்ப் புட்டி, கழிவறைத் தாள். அன்று களைத்துப்போன பிள்ளை மற்ற எதையும் பிரிக்காமலே தூங்க முடிய வேண்டும்.

அசல் சான்றிதழ்கள் கையில் தூக்கும் கோப்பில் மட்டும். நகல் நான்கு செட், புகைப்படம் பன்னிரண்டு வையுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகங்கள் ஏற்பதில்லை. அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டால் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் வராதீர்கள்.

அடுக்கும் வேலையைப் பிள்ளையின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுங்கள். அம்மா அடுக்கிய பெட்டியில் சாக்ஸ் எங்கே என்று கேட்க இரவு பதினொரு மணிக்குப் போன் வரும்.

கேள்வி: அறைத்தோழியும் நாங்களும் செலவைப் பகிர்ந்து பொதுப் பொருள்கள் வாங்கலாமா?

பதில்: விலையைப் பாதியாகப் பகிராதீர்கள். துடைப்பம் ஒருத்தி, குப்பைக்கூடை மற்றவள் என்று பொருளைப் பகிருங்கள். ஆண்டு முடிவில் யாருடையது என்ற பேச்சு வராது.

கேள்வி: சேரும் நாளில் மறக்காமல் செய்ய வேண்டியது?

பதில்: பொருள்களை இறக்குவதற்கு முன் காலி அறையைப் போனில் படம் எடுங்கள். சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி, கீறிய மேசை, ஒழுகும் குழாய், வேலை செய்யாத பிளக் எல்லாவற்றையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய சேதத்துக்கு உங்கள் பிள்ளையின் முன்பணத்தில் கழிப்பார்கள். பூட்டை அலமாரியின் தாழ்ப்பாள் துளையில் போட்டுப் பாருங்கள். பெரிய பூட்டின் வளையம் துளைக்குள் நுழையாததால் முதல் நாளே பூட்டில்லாமல் போவது உண்டு. 6 மி.மீ. வளையமுள்ள பூட்டும், அதைவிட மெல்லிய வளையமுள்ள வேறொன்றும் கையில் இருந்தால் ஒன்றாவது பொருந்தும். மாற்றுச் சாவியை அதே அலமாரிக்குள் வைக்காமல் கல்லூரிப் பையின் உள்ஜிப்பில் வைக்கட்டும்.

கேள்வி: வழக்கமாக எல்லோரும் மறந்துவிடும் பொருள்கள் எவை?

பதில்: நகவெட்டி, ஊசி நூல், கத்தரிக்கோல், பொதுக் குளியலறைக்கு ரப்பர் செருப்பு, தண்ணீர் வடிய அடியில் துளையுள்ள சோப்புக்கூடை, துணிக் கிளிப் இரண்டு டஜன், குடை. விமானப் பயணம் என்றால் கத்தரிக்கோல் மட்டும் சரக்குப் பெட்டியில்.