சி டிரைவ் ஃபுல் ஆயிருச்சு, டிஃப்ராக் பண்ணுனா இடம் கிடைக்குமா?

கிடைக்காதுங்க. டிஃப்ராக்குங்கறது டிஸ்க்குல துண்டு துண்டா சிதறிக் கெடக்கற ஃபைலுகள ஒண்ணு சேத்து வெக்கற வேலைதான். ஒரு எம்பி கூட எச்சா கிடைக்காது. சி டிரைவ்ல 4 ஜிபிதான் மிச்சம், சிஸ்டம் ஆமையாட்ட போகுது, சர்வீஸ் கடைக்காரரு டிஃப்ராக் பண்ணுனா சரியாயிரும் 500 ரூவா ஆகும்ங்கறாருன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதே குழியில நானு 2012லயே விழுந்து எந்திரிச்சவன். அதான் ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கத்த விட்டுப்போட்டு டைப் பண்ணிட்டிருக்கேன்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லைங்க. காங்கேயம் பக்கம் தோட்டம், பகல்ல ஒரு நூல் மில்லுல கணக்கு வேலை. ஐடில இருக்கற தம்பிங்க தப்பு கண்டுபுடிச்சா சித்தெ மெதுவா சொல்லுங்க.

அப்ப எங்கூட்டுல இருந்தது பழைய விண்டோஸ் எக்ஸ்பி. 160 ஜிபி ஹார்டுடிஸ்க்குன்னு காசு குடுத்து வாங்குனா உள்ள 149ன்னு காமிச்சுது. அதுவே மொத சண்டை. (கம்பெனிக்காரன் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட்டுன்னு எண்றான், விண்டோஸ் 107 கோடிக்கு மேல எண்ணுது, கடைக்காரரு திருடலைன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.) அதுல சி டிரைவுக்கு 20 ஜிபி மட்டும் ஒதுக்கிக் குடுத்திருந்தாங்க. ரெண்டு வருசத்துல 1.2 ஜிபிக்கு வந்து நின்னுருச்சு. கடைப்பையன் வந்தான், டிஃப்ராக் ஓட்டுனான், 400 ரூவா வாங்குனான், போனான். காலியிடம் அதே 1.2. போன் பண்ணுனா ஹார்டுடிஸ்க் பழசுங்ணா மாத்திருங்கன்னான்.

எனக்கு ரோசம் வந்து நானே ஓட்டிப் பாத்தேன். 15 சதவீதம் காலியா இருந்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், உங்குளுதுல 6 சதவீதந்தான் இருக்குதுன்னு அதுவே நல்ல புள்ளையாட்ட சொல்லுச்சு, நாந்தான் பரவால்ல ஓடுன்னு அமுக்கிட்டேன். சிவப்புக் கோடு, நீலக் கோடு, வெள்ளைக் கோடுன்னு ஒரு படம் வரும், பாத்தவங்களுக்குத் தெரியும். சிவப்பு துண்டான ஃபைல், நீலம் துண்டாகாத ஃபைல், வெள்ளை காலியிடம். ராத்திரி பூரா உக்காந்து பாத்தேன், நடுவுல ரெண்டு தடவ கரண்டு வேற போச்சு (அந்த வருசம் நம்ம பக்கம் கரண்டு இருந்த நேரத்தத்தான் எண்ணோணும்), யூபிஎஸ்ல கால் மணி நேரம் வண்டி ஓட்டி, திரும்ப ஆன் பண்ணி, விடியக்காலம் பாத்தா பாதி சிவப்பு அப்புடியே இருக்குது.

ஏன்னு கேட்டா, எங்க காட்டையே சொல்லலாம். எங்க பங்குக்கு வந்தது 3 ஏக்கரு. ஆனா ஒரே இடத்துல இல்ல, கெணத்து மேட்டுல ஒண்ணு, இட்டேரிக்கு அக்கட்ட ஒண்ணரை, கோயில் கிட்ட அரை. உழுகறது 3 ஏக்கருதான், டிராக்டர் அலையறதுலயே பாதி நாள் போயிரும். துண்டான ஃபைலும் அதேதான். ஹார்டுடிஸ்க்குக்குள்ள ஊசியாட்ட ஒரு தலை இருக்குது, ஒவ்வொரு துண்டுக்கும் அது நகந்து போயி தட்டு சுத்தி வர்ற வரைக்கும் நிக்கோணும். அதுக்கு 12, 13 மில்லிசெகண்டு ஆகும்னு வெய்யிங்க, ஆயிரம் துண்டா இருந்தா தேடி அலையறதுக்கே 12, 13 செகண்டு. டிஃப்ராக் பண்றது நெலத்த ஒண்ணு சேக்கற வேலை. ஏக்கரு கூடாது. சேக்கறதுக்கும் சாமானத்த எடுத்து ஓரமா வெக்க ஒரு களம் வேணுமல்ல, அந்தக் களந்தான் எங்கிட்ட இல்ல. இருந்த 1.2 ஜிபியும் இத்தினி இத்தினி வெள்ளைக் கீத்தா சிதறிக் கெடந்துச்சு, பெரிய ஃபைல் ஒண்ணு எழுதுனா அதுவும் எழுதறப்பவே துண்டாகும்.

இதுல கோயில் கிட்ட இருக்கற அரை ஏக்கருக்குப் போற வண்டித்தடத்துல பங்காளி கல்லு நட்டு வெச்சு எட்டு வருசமாச்சுங்க. எங்க அப்பாரு காலத்துல ரெண்டு மாட்டு வண்டி எதிரும் புதிருமா போன தடம். கேட்டா பத்திரத்துல இல்லையாமா. அத எழுதுனா விடிஞ்சிரும், உடுங்க.

நோம்பிக்கு வந்த அக்கா பையந்தான் கண்டுபுடிச்சான். மாமா, டெஸ்க்டாப்புல என்ன இத்தன வீடியோன்னான். தங்கச்சி கல்யாண வீடியோ, 6 ஜிபி. டெஸ்க்டாப்புன்னா சி டிரைவுக்கு வெளிய ஏதோ தனி இடம்னு நானு நெனச்சுட்டிருந்தனுங்க, சிரிக்காதீங்க. அது சி டிரைவுக்குள்ளதான் இருக்குது. டவுன்லோட்ஸும் அப்புடித்தான். வீடியோவ டி டிரைவுக்குத் தள்ளி, பழைய ரீஸ்டோர் பாயிண்ட்ட (சிஸ்டம் கெட்டா பழைய நெலமைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வெக்கறது) அழிச்சதும் 9 ஜிபி ஆச்சு. சிஸ்டம் அப்பவே ஓட ஆரம்பிச்சிருச்சு. அப்பறம் டிஃப்ராக் ஓட்டுனோம், ரெண்டு மணி நேரத்துல நீலமா ஆயிருச்சு. அதுல இன்னும் கொஞ்சம் வேகம் கூடுச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா முக்காவாசி குணமானது காலி பண்ணுனதுலதான்.

உங்குளுது விண்டோஸ் 10ஓ 11ஓன்னா டிஃப்ராக்க அதுவே வாரம் ஒருக்கா பாத்துக்கும், அதுக்குப் போயி 500 ரூவாயா? மொத டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் பாருங்க. பெரிய அப்டேட் இப்பத்தான் வந்துச்சுன்னா விண்டோஸ்.ஓல்டுன்னு பழைய விண்டோஸ வெச்சிருக்கற ஒரு ஃபோல்டர் பல ஜிபி தின்னுட்டு இருக்கும், அத விண்டோஸோட டிஸ்க் கிளீனப்லயே எடுக்கலாம், கையில அழிக்க வேண்டாம். ஹைபர்னேட் (தெறந்திருக்கறத அப்புடியே டிஸ்க்குல எழுதி வெச்சுட்டு அணையறது) பண்ற பழக்கம் இல்லைன்னா அத அணைச்சா ரெண்டு மூணு ஜிபியாச்சும் வரும்.

எஸ்எஸ்டியா (சுத்தற தட்டு இல்லாம சிப்புல எழுதற டிஸ்க்) இருந்தா டிஃப்ராக் பேச்சே வேண்டாம். அதுல நகர்ற தலையே இல்ல, துண்டு எங்க இருந்தாலும் ஒண்ணுதான், சும்மா எழுதி எழுதி அதோட ஆயுசத்தான் குறைப்பீங்க. விண்டோஸ் அதுக்கு டிரிம்னு வேற வேலை (அழிச்ச ஃபைலோட இடம் இனி வேண்டாம்னு டிஸ்க்குக்குச் சொல்றது) செய்யுது. ஆனா காலியிடம் அதுக்கும் வேணும். விண்டோஸுக்குப் பதிலா போடற லினக்ஸ்ல இந்தத் தொல்லையே இல்லைன்னு ஒருத்தரு கீழ வருவாரு, அங்கயும் துண்டாகுங்க, கம்மியா ஆகும், அவ்வளவுதான்.

டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போனா டிஸ்க்குக்குக் கீழ எஸ்எஸ்டியா எச்டிடியான்னு (தட்டு சுத்தற ஹார்டுடிஸ்க்குதான் எச்டிடி) போட்டிருக்கும். பாத்துட்டு கமெண்ட்டுல சொல்லுங்க, அந்தக் கடைக்கு அது வரைக்கும் போகாதீங்க.