கணினி கேள்வி–பதில்: உறைந்தது எந்தக் கம்பெனியின் கணக்கு?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரே கணக்கு மென்பொருளை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகத் திறந்து வைத்திருப்போம். ஒன்று உறைந்துவிட்டால், டாஸ்க் மேனேஜரில் எல்லாம் ஒரே பெயரில் நிற்கின்றன. விண்டோ தலைப்பை வைத்து அதன் பிராசஸ் ஐடியைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: முடியும், சகோதரி. எண்ட் டாஸ்க்கைக் குத்துமதிப்பாக அழுத்தி, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனியின் கணக்கை மூடிவிட்டுத் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் தணிக்கை வேலை கழுத்தைப் பிடிக்கும்போது அது சின்ன இழப்பல்ல. பிராசஸ் ஐடி, சுருக்கமாகப் பிஐடி, என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் கொடுக்கும் எண். அந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் மூடாதீர்கள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோவான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'டாஸ்க்லிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இடைவெளி விட்டு, சாய்கோடும் 'வி' எழுத்தும். மறுபடி இடைவெளி விட்டு, சாய்கோடும் 'எஃப்ஓ'வும். கடைசியாக, இன்னொரு இடைவெளிக்குப் பின் 'லிஸ்ட்'. என்டர் அழுத்தினால் ஒவ்வொரு பிராசஸுக்கும் பெயர், பிஐடி, நிலை என ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, கடைசி வரியில் விண்டோ தலைப்பு நிற்கும். 'வி' இல்லையென்றால் தலைப்பு வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். உறைந்த கம்பெனியின் பெயர் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, அதே தொகுதியில் உள்ள பிஐடிதான் உங்களுக்கு வேண்டியது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. உறைந்த விண்டோ வெளிறிப்போய், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டுகிறதே, அப்போது நீங்கள் பார்ப்பது மென்பொருளின் அசல் விண்டோ அல்ல. அதை மறைத்துவிட்டு அதே இடத்தில் விண்டோஸ் வைக்கும் பதிலி அது. அந்தப் பதிலி, விண்டோக்களைத் திரையில் காட்டும் விண்டோஸின் சொந்த நிரலான டெஸ்க்டாப் விண்டோ மேனேஜருக்குச் சொந்தம். பட்டியலில் அதன் பெயர் 'டிடபிள்யூஎம்'. திரையில் தெரியும் விண்டோவைத் தொட்டு எண் சொல்லும் கருவிகள் இதனால் ஏமாறலாம். ஆகவே எண்ணோடு சேர்த்துப் பெயரும் உங்கள் கணக்கு மென்பொருளுடையதுதானா என்று பாருங்கள். டிடபிள்யூஎம் என்று வந்தால் அதில் கைவைக்காதீர்கள்.

எண் கிடைத்ததும் டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போங்கள். பிஐடி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் எண்வரிசைப்படி அடுக்கிக் கொடுக்கும். உங்கள் எண் உள்ள வரிக்கு மட்டும் எண்ட் டாஸ்க். அந்தக் கம்பெனியில் சேமிக்காதது போய்விடும், மற்றவை தப்பிக்கும். காலையில் குறித்துவைத்த எண்ணை மாலையில் நம்ப வேண்டாம். மூடிய பிராசஸின் எண்ணை விண்டோஸ் வேறொன்றுக்குக் கொடுத்துவிடும்.

எக்ஸலுக்கு இந்த வழி கைகொடுக்காது. அதில் 3 கோப்புகளை 3 விண்டோக்களில் திறந்தாலும் வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரே பிஐடிதான். அந்த எண்ணை மூடினால் மூன்றும் சேர்ந்தே போகும்.